வீட்டு வீடியோ நூலகத்திற்கு ஏற்ற கோப்பு வகையைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் சேரும் வீடியோக்கள் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கைபேசியில் எடுத்தவை, பழைய கேம்கோடர் கேசட்டுகளிலிருந்து கணினிக்கு ஏற்றியவை, டி.வி.டி., புளூ-ரே வட்டுகளிலிருந்து எடுத்தவை, இணையத்தில் முறையாக வாங்கிப் பதிவிறக்கியவை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வந்து ஒரே ஹார்ட் டிஸ்க்கில் குவிகின்றன. சில தொலைக்காட்சியில் சிக்கலின்றி ஓடுகின்றன. சிலவற்றில் படம் வருகிறது, ஒலி வருவதில்லை. சில கணினியில் மட்டுமே திறக்கின்றன. இதில் சலித்துப்போய், ஏதாவது ஒரு மாற்றி மென்பொருளை நிறுவி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. ஒரு நூலகத்துக்கு நேரக்கூடிய மீளாத சேதமும் அதுதான். இழந்த படத்தரத்தை எந்த மென்பொருளாலும் பிறகு திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே, மூலக் கோப்பை உள்ளபடியே காப்பாற்றுவதை முதல் கடமையாகவும், மறுபடி என்கோட் செய்வதை, அதாவது படத்தை மீண்டும் சுருக்கி எழுதுவதை, கடைசி வழியாகவும் வைத்துக்கொண்டே கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தல்

ஒரு வீடியோ கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. போன்ற பின்னொட்டு, அந்தக் கோப்பின் கன்டெய்னர் எது என்பதை மட்டுமே சொல்கிறது. கன்டெய்னரைக் கடித உறையாகவும், உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் கடிதமாகவும் கொள்ளலாம். உறையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் கடிதத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த மொழியைத்தான் கோடெக் என்கிறோம். ஒரே எம்பி4 கன்டெய்னருக்குள் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம், ஏ.வி.1 படமும் இருக்கலாம். “என் தொலைக்காட்சி எம்பி4 கோப்பை இயக்கும், ஆனால் இந்த எம்பி4 மட்டும் ஓடவில்லை” என்ற குழப்பம் எழுவதற்கு இதுவே காரணம்.

ஆகையால் எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்புகளை அதில் திறந்து பார்க்க வேண்டும். வி.எல்.சி. பிளேயரிலும் கோடெக் விவரங்களைக் காட்டும் பகுதி உண்டு. ஆனால் மீடியாஇன்ஃபோ தருமளவுக்கு விரிவாக அது தருவதில்லை. கன்டெய்னர், வீடியோ கோடெக், அதன் புரொஃபைல் (அந்தக் கோடெக்கின் உட்பிரிவு), 8 பிட்டா 10 பிட்டா என்ற வண்ண ஆழம், ரெசல்யூஷன், ஒரு நொடிக்கு எத்தனை பிரேம், அவை முழு பிரேம்களா, ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாகப் பதிவாகும் இன்டர்லேஸ் வகையா, ஒலித்தடங்கள் எத்தனை, அவற்றின் கோடெக் என்ன, சப்டைட்டில் எழுத்தாக உள்ளதா படமாக உள்ளதா என்பனவற்றைக் கவனித்தால் போதும். நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்குமாதலால், ஒவ்வொரு மூலத்துக்கும் இரண்டு மூன்றை ஆராய்ந்தாலே நிலவரம் புரிந்துவிடும்.

படி 2: வீட்டிலுள்ள கருவிகளின் திறனை அறிதல்

எந்தக் கோடெக் சிறந்தது என்ற கேள்விக்குக் கருவிகளைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. வீடியோவைப் பார்க்கப் பயன்படும் தொலைக்காட்சி, அதனுடன் இணைத்த ஸ்ட்ரீமிங் பெட்டி, கைபேசி, டேப்லெட், மடிக்கணினி, அவற்றின் இணைய உலாவி ஆகிய அனைத்தையும் எழுதிக்கொண்டு, அவற்றில் திறன் குறைந்தது எதுவோ அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இதற்குத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பேட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எச்.264 8 பிட், எச்.265 10 பிட், ஏ.வி.1 என ஒவ்வொன்றிலும் ஒரு நிமிட மாதிரிக் கோப்பைத் தயாரித்து, ஏ.ஏ.சி., டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஒலித்தடங்களையும் சேர்த்து, ஒரு பென் டிரைவில் போட்டு ஒவ்வொரு கருவியிலும் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறதா என்பதோடு நிறுத்திவிடாமல், நடுவில் தாவிச் செல்லும்போது திணறுகிறதா, வேகமான காட்சியில் பிரேம்கள் விடுபடுகின்றனவா, ஒலித்தடத்தை மாற்ற முடிகிறதா என்பதையும் சோதிப்பது அவசியம். ஒரு மாலை நேரத்தை இதற்குச் செலவிட்டால், பின்னர் பல வாரங்கள் வீணாவதைத் தவிர்க்கலாம்.

ஒரு கணினியிலுள்ள வீடியோக்களை வீட்டின் மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கருவிக்குக் கோப்பு அப்படியே புரிந்தால் சர்வர் அதை மாற்றமின்றி அனுப்பிவிடும். கோடெக் புரிந்து கன்டெய்னர் மட்டும் புரியவில்லை என்றால், படத்தைத் தொடாமல் கன்டெய்னரை மாத்திரம் மாற்றி அனுப்பும். இதனால் சர்வருக்குச் சுமை மிகக் குறைவு. கோடெக்கே புரியவில்லை என்றால்தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்தை வேறு கோடெக்குக்கு மாற்றி அனுப்பும். இந்த மூன்றாவது நிலை, அதாவது டிரான்ஸ்கோடிங், சர்வரின் பிராசசரைப் பெரிதும் வருத்துவதோடு படத்தரத்தையும் குறைக்கும். கூடுமானவரை எல்லாக் கோப்புகளும் முதல் நிலையில் ஓடும்படி நூலகத்தை அமைப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

படி 3: வீடியோ கோடெக்கைத் தேர்ந்தெடுத்தல்

2003ஆம் ஆண்டு வெளியான எச்.264 இன்றும் மிகப் பரவலாக இயங்கும் கோடெக்காக இருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகள், பழைய கைபேசிகள், அநேகமாக எல்லா உலாவிகள் ஆகியவற்றில் இதற்கான வன்பொருள் ஆதரவோ மென்பொருள் ஆதரவோ உண்டு. 1080பி வரையிலான வீடியோக்களுக்கு ஹை புரொஃபைல், லெவல் 4.1 என்ற வரம்புக்குள் இருந்தால் அது எங்கும் ஓடும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. எச்.264 கோடெக்கிலேயே 10 பிட் வகையும் உண்டு. அனிமேஷன் ஆர்வலர்களிடையே ஒரு காலத்தில் அது மிகப் பிரபலமாக இருந்தது. தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் உள்ள டிகோடர் சிப்புகளில் பெரும்பாலானவை அதை ஆதரிப்பதில்லை. “எச்.264 தானே, ஏன் ஓடவில்லை” என்று திகைப்பவர்கள் மீடியாஇன்ஃபோவில் முதலில் வண்ண ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

2013இல் வந்த எச்.265, அதாவது எச்.இ.வி.சி., அதே தரத்தை எச்.264 எடுக்கும் பிட்ரேட்டில் (ஒரு நொடிக்கு ஆகும் தரவின் அளவில்) பாதியளவில் தர வேண்டும் என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்பிலும் பாதியாகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காட்சியின் தன்மை, ரெசல்யூஷன், என்கோடரின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்துச் சேமிப்பு கூடும், குறையும். 4கே வீடியோவில் இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது; டி.வி.டி. அளவுப் படங்களில் அவ்வளவாகத் தெரிவதில்லை. 4கே புளூ-ரே வட்டுகள் 10 பிட் எச்.265 கோடெக்கையே பயன்படுத்துவதால், 4கே தொலைக்காட்சிகளில் இதற்கான ஆதரவு இயல்பாகவே அமைந்திருக்கிறது. எச்.265 தடுமாறும் இடம் இணைய உலாவிதான். காப்புரிமைக் கட்டணச் சிக்கல்களால் உலாவிகள் இதை ஏற்கத் தயங்கின. 2022இல்தான் குரோம் உலாவி, வன்பொருள் ஆதரவுள்ள கணினிகளில் இதை இயக்கத் தொடங்கியது. வீட்டில் யாராவது உலாவி வழியாகவே பார்ப்பார்கள் என்றால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டணச் சிக்கலிலிருந்து விடுபடவே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் கூட்டுச் சேர்ந்து 2018இல் ஏ.வி.1 கோடெக்கை வெளியிட்டன. ஒரே தரத்துக்கு எச்.265 எடுக்கும் இடத்தைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இது எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதை டிகோட் செய்யும் சிப்புகள் கணினிகளில் 2020ஆம் ஆண்டை ஒட்டியே பரவத் தொடங்கின. ஐபோன்களில் 2023இல் வந்த 15 புரோ மாடல்தான் முதன்முதலில் இதற்கான வன்பொருளைப் பெற்றது. எல்லாக் கருவிகளும் அண்மையில் வாங்கியவை என்றால் ஏ.வி.1 நல்ல தேர்வு. ஒரேயொரு பழைய கருவி வீட்டில் இருந்தாலும் அதற்காக சர்வர் ஒவ்வொரு முறையும் உழைக்க வேண்டியிருக்கும்.

இவற்றுள் எதைத் தேர்வது என்று என்னிடம் கேட்டால், 1080பி வரை எச்.264, 4கே வீடியோக்களுக்கும் ஒளி வீச்சு அதிகமுள்ள எச்.டி.ஆர். வீடியோக்களுக்கும் எச்.265 10 பிட் என்றே சொல்வேன். சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்துவதைவிட, இன்னும் பல ஆண்டுகளுக்கு எந்தக் கருவியிலும் தடையின்றித் திறக்கும் என்ற உறுதி வீட்டு நூலகத்துக்கு முக்கியம். ஏற்கெனவே கையில் இருக்கும் எம்பெக்-2, எக்ஸ்விட், வி.பி.9 போன்ற வேறு கோடெக் கோப்புகள் கருவிகளில் ஓடுகின்றன என்றால் அவற்றைத் தொடவே வேண்டாம். 2020இல் வெளியான எச்.266 கோடெக்குக்கு வீட்டுக் கருவிகளில் ஆதரவு மிக அரிதாக இருப்பதால் அதை இப்போது கருத வேண்டியதில்லை.

படி 4: கன்டெய்னரைத் தேர்ந்தெடுத்தல்

உண்மையான போட்டி எம்பி4, எம்.கே.வி. ஆகிய இரண்டுக்கும் இடையில்தான். ஆப்பிளின் குயிக்டைம் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு சர்வதேசத் தரமாக்கப்பட்ட எம்பி4, கைபேசி, உலாவி, தொலைக்காட்சி என எங்கும் திறக்கும். மட்ரோஸ்கா எனப்படும் எம்.கே.வி. 2002இல் திறந்த திட்டமாகத் தொடங்கியது. 2024இல் அதன் விவரக்குறிப்பு, இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் வழியாக ஆர்.எஃப்.சி. 9559 என்ற எண்ணில் முறையாக வெளியிடப்பட்டது. கிட்டத்தட்ட எந்தக் கோடெக்கையும், எத்தனை ஒலித்தடங்களையும், படவடிவச் சப்டைட்டில்களையும், அத்தியாயக் குறிகளையும், எழுத்துருக்களையும்கூட எம்.கே.வி. ஏந்திக்கொள்ளும்.

வட்டுகளிலிருந்து எடுத்த படங்களுக்கும் தொடர்களுக்கும் எம்.கே.வி.யும், கைபேசிக்குப் பகிர வேண்டியவற்றுக்கு எம்பி4-உம் பொருத்தமானவை. புளூ-ரேயின் பி.ஜி.எஸ். என்ற படவடிவச் சப்டைட்டிலை எம்பி4 கன்டெய்னருக்குள் வைக்க வழியில்லை என்பது ஒன்றே வட்டுகளுக்கு எம்.கே.வி.யைத் தேர்வதற்குப் போதுமான காரணம். பதிவு செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போய்விடலாம், ஏனெனில் அதன் அட்டவணை இறுதியில்தான் எழுதப்படுகிறது, எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது பெரும்பாலும் மிஞ்சும். திரைப்பதிவு செய்பவர்களும் ஒளிபரப்பைப் பதிவு செய்பவர்களும் இதை மனத்தில் கொள்ளலாம்.

1992இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏ.வி.ஐ., புதிய கோடெக்குகளையும் சப்டைட்டில்களையும் சரிவரத் தாங்குவதில்லை. புதிதாக எதையும் அதில் உருவாக்க வேண்டாம். வெப்எம் என்பது மட்ரோஸ்காவின் சுருக்கப்பட்ட ஒரு வகை. இணையத்தில் வெளியிடத்தான் அது ஏற்றது.

படி 5: ஒலித்தடமும் சப்டைட்டிலும்

படத்தைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பவர்கள்கூட ஒலியைக் கடைசியில் போகிறபோக்கில் தீர்மானிக்கிறார்கள். கருவிகளில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பகுதி ஒலியிலிருந்தும் சப்டைட்டிலிலிருந்தும்தான் வருகிறது என்பதால் இந்தப் படியைத் தனிக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

இரண்டு சேனல் ஒலிக்கு ஏ.ஏ.சி. எங்கும் ஓடும். 5.1 சேனல் ஒலிக்கு டால்பி டிஜிட்டல், அதாவது ஏ.சி.-3, மிக நம்பகமானது. அதன் உச்ச பிட்ரேட் நொடிக்கு 640 கிலோபிட். டி.டி.எஸ். ஆதரவைச் சில தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் தங்கள் பிற்கால மாடல்களில் நீக்கிவிட்டதால், பழைய தொலைக்காட்சியில் ஒலித்த கோப்பு புதியதில் ஊமையாகிவிடுவது உண்டு. டால்பி ட்ரூஎச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகிய இழப்பற்ற ஒலித்தடங்களின் முழுப் பயனை அடைய ஆடியோ ரிசீவர் வேண்டும். தொலைக்காட்சி வழியாக அனுப்புவதானால் தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு உயர்தர ஒலியை அனுப்பும் இ-ஆர்க் வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பும் வேண்டும்.

இதற்கு எளிய தீர்வு, ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதல்ல, இரண்டையும் வைப்பது. எம்.கே.வி. கோப்பில் மூல ஒலித்தடத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து உருவாக்கிய ஏ.ஏ.சி. இருசேனல் தடம் ஒன்றையும் சேர்த்துவிட்டால், ரிசீவர் உள்ள அறையில் மூல ஒலியும் கைபேசியில் எளிய ஒலியும் தாமாகவே தேர்வாகும். நொடிக்கு 160 அல்லது 192 கிலோபிட் ஏ.ஏ.சி. தடத்துக்கு இரண்டு மணி நேரப் படத்தில் ஏறக்குறைய 145 முதல் 175 மெகாபைட் வரைதான் ஆகும்.

சப்டைட்டில்களில் எழுத்து வகை, பட வகை என இரண்டு உண்டு. எஸ்.ஆர்.டி. கோப்பு வெறும் எழுத்தும் நேரக்குறியும். பெரும்பாலான கருவிகள் அதைப் படிக்கும். டி.வி.டி.யின் வோப்சப், புளூ-ரேயின் பி.ஜி.எஸ். ஆகியவை ஒவ்வொரு வரியையும் படமாகவே வைத்திருக்கின்றன. பட வகைச் சப்டைட்டிலைக் கருவி நேரடியாகக் காட்ட முடியாவிட்டால், சர்வர் அதை ஒவ்வொரு பிரேமின் மேலும் பதித்து முழு வீடியோவையும் புதிதாக என்கோட் செய்து அனுப்ப வேண்டியதாகிறது. சப்டைட்டிலை இயக்கிய உடனே படம் திக்கித் திணறுவதற்கான காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே பி.ஜி.எஸ். தடத்தை வைத்துக்கொள்வதோடு, சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளின் எழுத்துணரி வசதியால் எஸ்.ஆர்.டி. வடிவத்தையும் தயாரித்து, ஒருமுறை படித்துத் திருத்திச் சேர்த்துவிட வேண்டும். அந்த எஸ்.ஆர்.டி. கோப்பை யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் லத்தீன் அல்லாத எழுத்துகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும்.

ஒவ்வொரு தடத்துக்கும் மொழிக் குறி இடுவதும், எது இயல்பாக ஒலிக்க வேண்டும் என்று குறிப்பதும் எம்.கே.வி. டூல்நிக்ஸ் மென்பொருளில் சில நிமிட வேலை. இதைச் செய்யாத நூலகத்தில் ஒவ்வொரு படத்தையும் தொடங்கும்போது ஒலிப் பட்டியலைத் திறந்து தேட வேண்டியிருக்கும்.

படி 6: ரீமக்ஸ் போதுமா என்று முடிவு செய்தல்

இப்போது ஒவ்வொரு கோப்புத் தொகுதிக்கும் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: அப்படியே விடுவது, கன்டெய்னரை மட்டும் மாற்றுவது, மறுபடி என்கோட் செய்வது. இவற்றை இந்த வரிசையிலேயே பரிசீலிக்க வேண்டும்.

கன்டெய்னரை மட்டும் மாற்றுவதற்கு ரீமக்ஸ் என்று பெயர். படத்தரவின் ஒரு பிட்டைக்கூட மாற்றாமல் எடுத்து வேறு கன்டெய்னரில் வைப்பதால் தரம் குறைய வாய்ப்பே இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கேற்ப ஒரு முழு நீளப் படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்.கே.வி. வடிவத்துக்கு எம்.கே.வி. டூல்நிக்ஸ் போதும். எம்பி4-க்கு மாற்ற எஃப்.எஃப்.எம்பெக் மென்பொருளில் கோடெக்கை அப்படியே நகலெடுக்கும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்களுக்கு அதையே உள்ளே வைத்து இயங்கும் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் உதவும். தேவையற்ற தொடக்கத்தையும் முடிவையும் வெட்டவும் அதைப் பயன்படுத்தலாம். கீஃப்ரேம், அதாவது மற்ற பிரேம்களைச் சாராமல் முழுதாகப் பதிவான பிரேம், இருக்கும் இடங்களில் மட்டுமே துல்லியமாக வெட்ட முடியும் என்பதால் ஓரிரு நொடி முன்பின் ஆகலாம். ஒலித்தடம் மட்டும் ஒத்துவராத கோப்பில், படத்தை நகலெடுத்துவிட்டு ஒலியை மட்டும் மாற்றினால் போதும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், உண்மையில் என்கோட் செய்தாக வேண்டிய கோப்புகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே மிஞ்சும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எச்.264, எச்.265 போன்றவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களை நீக்கித்தான் கோப்பைச் சுருக்குகின்றன. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மீண்டும் என்கோட் செய்யும்போது, முதல் சுருக்கத்தில் உண்டான கட்டங்களையும் மங்கல்களையும் புதிய என்கோடர் படத்தின் பகுதியாகவே எண்ணி, அவற்றைக் காப்பாற்றப் பிட்டுகளைச் செலவிடுகிறது. அதனால் கோப்பு சிறிதாகாமலும் போகலாம், படம் மட்டும் கெட்டுப்போகலாம். குறைந்த பிட்ரேட் கொண்ட எச்.264 கோப்பை “நவீனமாக்க” எச்.265-க்கு மாற்றுவது பயனற்றது.

படி 7: என்கோட் செய்தே ஆக வேண்டுமெனில்

டி.வி.டி.யின் இன்டர்லேஸ் படங்கள், இடத்தை மிக அதிகமாக அடைக்கும் புளூ-ரே கோப்புகள், எந்தக் கருவியிலும் ஓடாத பழைய கோடெக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தப் படிக்கு வரலாம். ஹேண்ட்பிரேக் இதற்கு ஏற்ற இலவச மென்பொருள்.

முதலில் இடக் கணக்கு. நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை வீடியோவின் நீளத்தால், அதாவது நொடிகளால் பெருக்கி, எட்டால் வகுத்தால் மெகாபைட் கிடைக்கும். நொடிக்கு 8 மெகாபிட்டில் இரண்டு மணி நேரப் படம் 7,200 மெகாபைட், அதாவது 7.2 ஜிகாபைட், ஒரு டெராபைட் வட்டில் அத்தகைய படங்கள் ஏறக்குறைய 138 கொள்ளும். இதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு, பலருக்குப் பெரிய வட்டு ஒன்றை வாங்கிவிட்டு மூலத்தை அப்படியே வைத்திருப்பதே சுலபம் என்று தோன்றக்கூடும். அது தவறான முடிவல்ல.

என்கோட் செய்யும்போது குறிப்பிட்ட பிட்ரேட்டையோ கோப்பு அளவையோ இலக்காக வைக்காமல், தரத்தை நிலையாக வைக்கும் ஆர்.எஃப். முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பு அளவும் கூடும். ஹேண்ட்பிரேக் ஆவணத்தின் பரிந்துரை டி.வி.டி. அளவுப் படங்களுக்கு 18 முதல் 22, 720பி-க்கு 19 முதல் 23, 1080பி-க்கு 20 முதல் 24, 4கே-க்கு 22 முதல் 28 என்பதாகும். எச்.264-க்கான எக்ஸ்264, எச்.265-க்கான எக்ஸ்265, ஏ.வி.1 ஆகிய என்கோடர்களின் எண்கள் ஒரே அளவுகோலில் அமைந்தவை அல்ல; ஒன்றில் 22 என்பது இன்னொன்றில் 22-க்கு நிகரன்று. இருண்ட காட்சி ஒன்று, வேகமாக நகரும் காட்சி ஒன்று, வானமோ மூடுபனியோ நிறைந்த காட்சி ஒன்று என மூன்று சிறு பகுதிகளை மட்டும் என்கோட் செய்து, பெரிய திரையில் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முழுப் படத்துக்குச் செல்ல வேண்டும். வானத்தில் வண்ணப் பட்டைகள் தெரிந்தால் எச்.265 10 பிட் தெரிவுக்கு மாறினால் பெரும்பாலும் குறையும்; மூலம் 8 பிட்டாக இருந்தாலும் இது பயன் தரும்.

கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு என்கோட் செய்தால் வேலை பல மடங்கு விரைவாக முடியும். ஆனால் அதே கோப்பு அளவில், மெதுவான அமைப்பில் இயங்கும் மென்பொருள் என்கோடரின் தரம் பொதுவாக மேலானதாக இருக்கும். ஒருமுறை மட்டுமே செய்து பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் கோப்புக்கு மென்பொருள் என்கோடரையே பயன்படுத்துங்கள். நேரடி டிரான்ஸ்கோடிங்கிற்குச் சிப்பை விட்டுவிடுங்கள்.

ரெசல்யூஷனைக் கூட்டக் கூடாது. 576 வரிகள் கொண்ட படத்தை 1080பி-ஆகப் பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது, அந்த வேலையைத் தொலைக்காட்சியே செய்துகொள்ளும். பிரேம் வேகத்தையும் மூலத்தில் உள்ளபடியே விட வேண்டும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 30 ஆக்கினால் அசைவில் தடுமாற்றம் தெரியும்.

இன்டர்லேஸ் வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு பாதிகளால் ஆனது. நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிவது இதனால்தான். பழைய கேம்கோடர் பதிவுகளை டீஇன்டர்லேஸ் செய்யும்போது, அதாவது முழு பிரேம்களாக மாற்றும்போது, இரண்டு பாதிகளையும் தனித்தனிப் பிரேம்களாக்கும் பாப் தெரிவை இயக்கினால், நொடிக்கு 25 பிரேம் 50 ஆகி, அசைவின் இயல்பான ஓட்டம் காப்பாற்றப்படும். சாதாரணத் தெரிவு அசைவின் பாதியை வீசிவிடுகிறது. குழந்தை ஓடிவரும் பதிவில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

எச்.டி.ஆர். வீடியோவை 8 பிட் எச்.264-க்கு மாற்றினால் வண்ணம் வெளிறிப்போகும். ஒளி வீச்சைச் சாதாரணத் திரைக்கேற்ப அடக்கும் டோன்மேப்பிங் செய்தால் பார்க்கத்தக்கதாகும், ஆனால் மூலத்தின் ஒளி வீச்சு போய்விடும். ஆகவே எச்.டி.ஆர். கோப்புகளை இயன்றவரை ரீமக்ஸ் மட்டும் செய்யுங்கள். எச்.டி.ஆர். வகைகளுள் ஒன்றான டால்பி விஷனின் புரொஃபைல் 5 வகைக் கோப்பு, அதை ஆதரிக்காத திரையில் ஊதாவும் பச்சையுமாகத் தெரியும், புரொஃபைல் 8.1-இல் சாதாரண எச்.டி.ஆர்.10 அடித்தளம் இருப்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

படி 8: குடும்பப் பதிவுகளைத் தனியாக நடத்துதல்

வட்டில் வெளியான படம் மீண்டும் கிடைக்கும். வீட்டில் எடுத்த பதிவு கிடைக்காது. ஆகவே கைபேசியும் கேமராவும் உருவாக்கிய மூலக் கோப்பை, அது எம்.ஓ.வி.யாக இருந்தாலும் எம்பி4-ஆக இருந்தாலும், பெயரைத் தவிர எதையும் மாற்றாமல் ‘மூலம்’ என்ற தனிக் கோப்புறையில் வைக்க வேண்டும். எடுத்த நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகள் அந்தக் கோப்புக்குள் பதிந்திருக்கின்றன. மாற்றி மென்பொருள்களில் பல அவற்றை உதிர்த்துவிடும். செய்தியனுப்பும் செயலிகள் வழியாக வந்த வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால், எடுத்தவரிடமிருந்தே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. தொலைக்காட்சியில் பார்க்க வசதியான நகல் வேண்டுமென்றால் அதைத் தனியே உருவாக்கி, தேவை முடிந்ததும் அழித்துவிடலாம்.

மினி டி.வி. (Mini DV) கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. ஃபயர்வயர் இணைப்பு வழியாக எடுத்தால் அது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் கொண்ட துல்லியமான நகலாகக் கிடைக்கும், அதை டி.வி. (DV) கோடெக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வி.எச்.எஸ். போன்ற அனலாக் கேசட்டுகளை ஏற்றும்போது, ஆவணக்காப்பகங்கள் கையாளும் எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பற்ற கோடெக்கில், எம்.கே.வி. கன்டெய்னரில் பதிவு செய்வதே என் பரிந்துரை. 2021இல் ஆர்.எஃப்.சி. 9043 என வெளியான அதன் விவரக்குறிப்பு யாவருக்கும் திறந்தது. அதிலிருந்து எச்.264 நகல் ஒன்றைப் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம். காந்த நாடா காலத்தோடு தேய்கிறது, அதை ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆதலால் இந்த ஒன்பது படிகளில் எதையாவது இன்றே தொடங்க வேண்டுமென்றால் அது இதுதான்.

படி 9: பெயர், வட்டு, நகல்

படங்களுக்குப் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும் வைத்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்புறையில் இட்டால் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி (Kodi) ஆகிய மென்பொருள்கள் அவற்றைச் சரியாக அடையாளம் காணும். குடும்பப் பதிவுகளுக்கு 2019-04-27 என்ற முறையில் ஆண்டு, மாதம், நாள் வரிசையை முன்னால் வைத்து, பின்னர் நிகழ்ச்சியின் பெயரை எழுதினால் அவை காலவரிசையில் தாமே அமைந்துவிடும்.

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த வட்டில் 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பு ஏறாது. வெவ்வேறு கருவிகளில் செருக வேண்டிய வட்டுக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது. குடும்பப் பதிவுகளுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற வழக்கமான விதியைப் பின்பற்றுங்கள். மறுபடி வாங்கக்கூடிய படங்களுக்கு ஒரு நகல் கூடுதலாக இருந்தாலே போதும்.

நகலெடுத்து முடித்ததும், மூலத்துக்கும் நகலுக்கும் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை என்று பொருள். அந்தக் குறியீடுகளை ஒரு உரைக் கோப்பில் எழுதி, வீடியோக்கள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒரு கோப்பின் குறியீடு மாறியிருந்தால் அந்த வட்டை ஐயத்தோடு நோக்கி, பழுதான கோப்பை நீக்கிவிட்டு, குறியீடு பொருந்தும் நகலை அதன் இடத்தில் வைக்க வேண்டும்.